குட்டித் தீனி

சனிக்கிழமை காலையிலிருந்து நாய் லிங்கோன் ஐந்து முறை வெளியே போய் வந்துவிட்டது. ஆறாவது முறை கதவருகே நின்று முனகியபோது ஹம்புஸ் பூட்ஸைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு வருவதாகக் குன்வோர் சொல்லியிருந்தார்.

நேற்றுக் காலைவரை நாய்க்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். பதினான்கு மாதம் ஆகியும் குட்டித் தீனியே தின்றுகொண்டிருந்தது. ஒரு வயது முடிந்ததும் மாற்றிவிடச் சொல்லியிருந்தார் தடுப்பூசி போட்ட மருத்துவர். சரி என்று சொல்லிவிட்டு வந்தான். மாற்றவில்லை.

தீனியை அவன் வாங்குவதில்லை. அதுவாக வந்தது. அவன் மனைவி தூவே செய்துவைத்த ஏற்பாடு: மாதம் ஒரு மூட்டை, பன்னிரண்டு கிலோ, வாசலுக்கே. தூவே செப்டம்பரில் இறந்தாள். மூட்டை நிற்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் அவள் பெயர் ஒட்டியிருந்தது. நிறுத்த வேண்டுமானால் போன் செய்து காரணம் சொல்ல வேண்டும். பிரித்து நாய்க்குப் போடுவது சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை குன்வோர் கூப்பிட்டார். நாய்க்காட்சிக்கு ஸுண்ட்ஸ்வால் போகிற வழியில் அவன் ஊரான உமெயோவில் இறங்கி நாயைப் பார்க்க வேண்டும் என்றார்.

குன்வோர் நாய்க்குட்டி வளர்த்து விற்பவர்; ஒப்பந்தத் தாளில் லிங்கோன் இன்னும் அவருடைய நாய். நல்ல பெட்டைக்குட்டியை அவர் விற்பதில்லை. நம்பிக்கையான ஒரு வீட்டில் விட்டுவைப்பார். ஒரு ஈற்றுக் குட்டி போட்ட பிறகுதான் நாய் அந்த வீட்டுக்குச் சொந்தம். அதுவரை அந்த வீட்டாருக்குத் தீனி போடுபவர் என்று பெயர். ஒப்பந்தத்தில் தீனி போடுபவராகக் கையெழுத்திட்டவள் தூவே. வளர்ப்பு சரியில்லை என்று பட்டால் குன்வோர் எப்போது வேண்டுமானாலும் நாயைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு மணி நேரம் நினைத்துப் பார்த்தான். உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்தான். நாயும் பின்னாலேயே நடந்தது. அவன் நின்றால் நின்றது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் வளர்ந்த நாய்களுக்கான தீனி ஒரு மூட்டை வாங்கி வந்தான். பிரிக்காமல் கிடந்த குட்டித் தீனி மூட்டைகள் மூன்றையும் கீழே நிலவறையில் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் மறைத்தான். கிண்ணம் நிறையப் புதிய தீனியைக் கொட்டினான். பத்து நாள் எடுத்து, பழையதோடு கலந்து, மெல்ல மெல்ல மாற்றவும் என்று மூட்டையிலேயே எழுதியிருந்தது. படித்தான். அவன் கையில் இருந்தது ஒரு நாள்.

குன்வோர் சரியாகப் பன்னிரண்டுக்கு மணியடித்தார். அறுபத்தைந்து வயது, குட்டை உருவம், கம்பளிச் சட்டை முழுக்க நாய் முடி. பூட்ஸைக் கழற்றிவிட்டு அங்கேயே முட்டி போட்டார். லிங்கோன் அவர் முகத்தை நக்கியது. அவர் இரண்டு கைகளையும் அதன் பக்கங்களில் வைத்து அழுத்தினார்.

"விலா எங்கப்பா?"

"முடி ஜாஸ்தி," என்றான் ஹம்புஸ்.

"இவ அம்மா, பாட்டி, பாட்டிக்கும் பாட்டி, எல்லாருக்கும் நான்தான் சீவி விட்டேன். முடி எனக்குத் தெரியும். இது முடி இல்ல, பன்னு தின்ன சதை." எழுந்தார். "பெரிய தீனிக்கு மாத்திட்டியா?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"ம்."

காபி ஊற்றினான். ஏலக்காய் பன்னை அவர் பக்கம் நகர்த்தினான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றான்.

"உக்காரேன், ஹம்புஸ்."

"பரவால்ல."

"உனக்குப் பரவால்ல. எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தான். லிங்கோன் கதவைப் பிராண்டியது. எழுந்தான்.

"நீ இரு, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் குன்வோர்.

"வேணாம். நானே..."

அதற்குள் அவர் பூட்ஸுக்குள் காலை நுழைத்துவிட்டார். அவன் கோட்டு இல்லாமல் பின்னால் இறங்கி ஓடினான்.

மார்ச் மாதப் பனி வெயிலில் இறுகிக் கிடந்தது. எதையும் உள்ளே இழுக்காது. குன்வோர் குனிந்து, நாய் கழிந்துவிட்டுப் போனதைப் பார்த்தார். காலையிலிருந்து விட்டுப்போன மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு மாசம்?"

அவன் காலால் பனியைக் கீறினான்.

"நேத்தா?"

"நேத்துக் காலைல."

"கலக்காமலா? முழுக் கிண்ணமும்?"

"ஆமா."

"நீ பொய் சொல்லுவே. அவ வயிறு சொல்லாது. ஆமா, நீ என்ன வேலை பாக்குறே? பாலமா?"

"நகராட்சி. தண்ணிக் குழாய்."

"புதுக் குழாய்ல எடுத்த எடுப்புல முழுசாத் தொறந்து விடுவியா?"

"மாட்டேன். வெடிச்சிரும்."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்கே."

அவர் காரின் பின்கதவைத் திறந்தார். காட்சிக்குப் போகும் கிழநாய் ஒரு கூண்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூண்டு காலி.

"இவள நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. "திட்டுறேன்னு நெனைக்காதே. தூவே போனப்பவே நான் வந்து பாத்திருக்கணும். கார்டு அனுப்பினதோட விட்டுட்டேன். போய் அவ சாமானெல்லாம் எடுத்துட்டு வா."

மாடிக்குப் போனான். கிண்ணத்தை எடுத்தான். வைத்தான். கழுத்துப்பட்டையைத் தேடினான், அது நாயின் கழுத்திலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. வெறுங்கையோடு இறங்கி வந்தான்.

"கீழ இன்னும் மூணு மூட்டை இருக்கு," என்றான். "குட்டித் தீனி. மாசாமாசம் வருது. தூவே பேருல."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"ஏன்னு கேப்பாங்க."

குன்வோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குத் தொறந்திருப்பாங்களா?"

"சனிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும்." நம்பரும் அவனுக்கு மனப்பாடம். எத்தனையோ முறை அழுத்திவிட்டு வைத்திருக்கிறான்.

"அப்பப் பேசு. நான் இங்கதான் நிக்கிறேன்."

எடுத்தவள் இளம்பெண். வாடிக்கையாளர் பெயர் கேட்டாள். தூவே லிண்ட்வால் என்றான்.

"நிறுத்தணுமா? சரி. காரணம் என்னன்னு போடட்டும்?"

"அவ இறந்துட்டா." நாயைப் பார்த்தான். "நாயும் பெரிசாயிடுச்சு."

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள். பிறகு மெதுவாக, "இங்க ஒரு பட்டியல்ல இருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். 'நாய் வளர்ந்துவிட்டது'ன்னு இருக்கு. இன்னொண்ணு... அது இதுல இல்ல."

"நாய் வளர்ந்துடுச்சுன்னே போடுங்க."

"போட்டாச்சு. இனிமே வராது."

போனைப் பைக்குள் போட்டான். லிங்கோன் திறந்திருந்த காலிக் கூண்டை எட்டி மோந்துவிட்டுக் கிழநாயைப் பார்த்து வாலாட்டியது.

"அடுத்த வசந்தத்துல இவ குட்டி போடணும்," என்றார் குன்வோர். "ஒப்பந்தத்துல இருக்கு. தீனி போடுறவங்க வீட்டுலதான் பிரசவம். எட்டு வாரம் தூக்கம் கிடையாது. உன்னால முடியுமா?"

"முடியும்னு சொல்லத் தெரியல. ஆனா கூட்டிட்டுப் போகாதீங்க, குன்வோர்."

தெருவில் ஒரு பேருந்து வந்து நின்று, யாரையும் இறக்காமல் போனது. பிறகு குன்வோர் காரின் பின்கதவின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துச் சாத்தினார்.

"இன்னைக்கு வெறும் வயிறு. தண்ணி மட்டும். நாளைக்கு அவிச்ச மீனும் சோறும், கொஞ்சம் கொஞ்சமா. வயிறு நின்னதும் பழைய தீனியோட கால் பங்கு புதுசு. மூணு நாளைக்கு ஒரு தடவ ஏத்து. ரெண்டு வாரம் கழிச்சு வருவேன். அப்பவும் விலா கைக்குத் தட்டலைன்னா உன்கிட்ட கேக்கவே மாட்டேன், தூக்கிட்டுப் போயிடுவேன். ஒப்பந்தத்துல உன் பேருக்கு மாத்துறதையும் அன்னைக்குப் பாத்துக்கலாம்."

"சரி."

"ரெண்டு மாசம்னு இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

நன்றி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியபோது கார் முனை திரும்பிவிட்டது. லிங்கோன் அதன் பின்னால் நாலடி இழுத்தது, நின்றது, பிறகு ஏரிப் பக்கம் அவசரமாக இழுத்தது. கோட்டு மாடியில் இருந்தது. அவன் அப்படியே அதன் பின்னால் போனான்.