அரக்கனுக்குப் படி கிடையாது

அரக்கனின் உயிர் கிளிக்குள் இருக்கக் கூடாது, ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்க வேண்டும் என்று இயக்குநர் தொலைபேசியில் சொன்னபோது நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிளிக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தேன். பச்சைத் துணியில் வெட்டிய வால். பாதி கிளியில் ஒட்டியது, மீதி என் விரலில். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி என்று எல்லாரும் கேட்டுத் தூங்கிய கதைதான். "கடல் வேணாம் சிற்பி. மலையும் வேணாம். விண்வெளி! ஏழு கோள்! காலைல பல் தேய்க்கும்போது அப்படியே வந்து இறங்குச்சு. உலகத்தரம்!" என்றார்.

எங்கள் நாடகக் குழுவுக்கு மேடை அமைப்பவள் நான். அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுகிறவளைச் சிற்பி என்று கூப்பிட அவர் ஒருவரால்தான் முடியும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை வந்து விழுவதால் 'உலகத்தரம்' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. நேரில் மட்டும் சார். பட்டுச் சால்வை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது குழுவுக்குள் இன்னும் முடியாத விவாதம். தேநீர் ஆறியிருந்தால், "இது தேநீர் இல்ல, தேநீரைப் பத்தின ஒரு கருத்து" என்பார். போன நாடகத்தில் ஜலதோஷம் பிடித்த இளவரசனை, "தும்முற காதலுக்கு மேடையில இடமில்ல" என்று ஒத்திகையின் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாளே வேறு இளவரசனைக் கொண்டுவந்தவர்.

என் பயமும் அதுதான். அரக்கன் என் கணவர். மழையில் ஸ்கூட்டரோடு விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நடக்கலாம், உட்காரலாம், படி மட்டும் இந்த வருஷம் நினைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழுவில் லேசான சுளுக்கு என்று சொல்லி வைத்திருந்தோம். முந்தின நாள்தான் முதல் வாசிப்பு. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து வசனம் படித்ததால் பிழைத்தோம். ஆனால் நாடகத்தின் முதல் காட்சியே அரக்கன் மலையுச்சியிலிருந்து இறங்கி வருவது. அந்த மலையை நான்தான் கட்ட வேண்டும்.

வீட்டில் என் கணவர் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. அங்கே அவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. மேடையில் ஏறி ஒரு தடவை சிரித்தார் என்றால் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குத் தாவிவிடும். அந்தச் சிரிப்பைக் குளியலறையில் ஒத்திகை பார்ப்பார். குழாய்தான் அலறுகிறது என்று நினைத்து மேல்மாடிக்காரர்கள் அதை மூடிவிடுவார்கள். விழுந்த பிறகு குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். "மாத்திட்டாங்கன்னா சொல்லிடும்மா. நான் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறேன். அதுவும் கலைதானே" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, மடித்து வைத்த துண்டை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தார்.

மலை போய் விண்கலம் வந்ததும் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. விண்கலத்தில் எதற்குப் படி? அட்டையில் சின்னதாக மாதிரி செய்தேன். மேடைக்கு வரும்போது துணி துவைக்கும் இயந்திரங்களின் பழைய கண்ணாடிக் கதவுகள்தான் கோள்கள். நடுவில் அரக்கனுக்குச் சக்கரம் வைத்த சிம்மாசனம். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் குனிந்து தள்ளினால் பார்ப்பவருக்கு மிதந்து வருகிற மாதிரி இருக்கும். கணவர் குனிந்து பார்த்தார்.

"இதுல எப்படிம்மா ஏறுறது?"

"ஏற வேணாங்க. அரக்கன் மிதப்பார்."

"அரக்கனா, பலூனா?"

உலகத்தரத்தை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே கர்வம். கொண்டுபோய்க் காட்டியதும் அவர் மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஈர்ப்பை மறுக்கிற அதிகாரம்!" என்று சிம்மாசனத்துக்கு ஒரு தத்துவம் வைத்தார். நான் தலையாட்டினேன். மடக்கு நாற்காலிக்குக் கீழே சக்கரம் போட்டவளுக்குத்தான் தெரியும், அது மறுப்பது ஈர்ப்பை அல்ல, முழங்காலை என்று.

சிக்கல் செயலாளர் வடிவில் வந்தது. குழுவின் செயலாளருக்கு நாடகம் என்றால் புகை, இடி, மேலிருந்து ஒருவர் இறங்குவது. மாதிரியை எல்லாருக்கும் காட்டிய அன்று அவர் விரலால் தடவித் தேடினார்.

"ராக்கெட்டுங்கிறீங்க, ஒரு படிகூட இல்லியே? அரக்கன் மேலேருந்து தடதடன்னு இறங்கணும் சார். அப்பதான் கைதட்டு."

என் கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தரம் மெதுவாக எழுந்தார், சால்வையைச் சரிசெய்தார், கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழன்றால் பிரசங்கம் என்று அர்த்தம்.

"அண்டவெளியில மேல ஏது, கீழ ஏது? படிங்கிறது பூமியோட அடிமைத்தனம்."

"அப்ப இளவரசன் மட்டும் ஏணியில ஏறுறானே?"

நியாயமான கேள்வி. "அவன் பூமிக்காரன்" என்றார் உலகத்தரம். "பழக்கதோஷம்."

செயலாளர் விடவில்லை. இவரும் விடவில்லை. காலம், வெளி, கருந்துளை, பிரபஞ்சத்தின் மௌனம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதில் பாதி அவருக்கே புரிந்திருக்காது. கடைசியில் செயலாளர், "சரி சார், புகையாவது போடுங்க" என்று சரணடைந்தார். உலகத்தரம் பேசிப் பேசி உயிரை வாங்கும்போது நான் சுவரைப் பார்த்திருக்கிறேன், மணியைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு வார்த்தை குறைந்துவிடக் கூடாதே என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் கலைந்த பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உலகத்தரம் பக்கத்தில் வந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"பின்பக்க வாசல்ல ரெண்டு படி இருக்கு சிற்பி. அங்க ஒரு சரிவுப் பலகை போட்டுடு. யாராவது கேட்டா கோள்களுக்கு நடுவுல பாலம்னு சொல்லு."

கோப்பை கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"சார்... உங்களுக்கு எப்படி..."

"வாசிப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் மேசையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சான். நான் கண்ணாடியை விட்டுட்டேன்னு திரும்பி வந்தேன், பார்த்துட்டேன். இப்படி ஒரு சிரிப்பு உள்ளவனை நான் வேற எங்க போய்த் தேடுறது?"

மறுநாள் காலைதான் அவருக்குப் பல் தேய்க்கும்போது விண்வெளி இறங்கியது. கடலையும் மலையையும் அள்ளி எறிந்துவிட்டு, கதையையே தலைகீழாகப் புரட்டிவிட்டு, குழு முழுவதும் முதுகுக்குப் பின்னால் சிரிக்கட்டும் என்று இருந்திருக்கிறார். நானும் சிரித்தவள்தான், சிரித்தவர்களில் என் சத்தம் கொஞ்சம் பெரியது.

"சார், உங்களுக்கு நான் எப்படி நன்றி..."

"அய்யய்யோ. நன்றின்னு ஆரம்பிச்சா ரெண்டு பக்க வசனம் ஆயிடும். வெளியில சொல்லிடாதே. இரக்கமில்லாதவன்னு எனக்கு ஒரு பேர் இருக்கு, கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சது."

ஒத்திகைகளில் சிம்மாசனத்தைத் தள்ள வந்தவர் தள்ளுவண்டியாக நினைத்துத் தள்ளினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கணவரின் முகம் சுருங்கியது. அரக்கக் கோபம் பிரமாதம் என்று செயலாளர் பாராட்டினார்.

நாடகத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் இயக்குநருக்கு ஒதுக்கிய நாற்காலி மட்டும் காலி. செயலாளர் எட்டி எட்டித் தேடிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது, கோள்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன, செயலாளரின் புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து சிம்மாசனம் ஒரு சிணுங்கல் இல்லாமல் மிதந்து வந்தது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலோடு நகர்த்துவது போல. என் கணவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். முன்வரிசைப் பிள்ளைகள் மடி தேடின.

திரையோரத்தில் நின்றிருந்த எனக்கு மட்டும் சிம்மாசனத்தின் பின்பக்கம் தெரிந்தது. கறுப்புச் சட்டையில் ஒருவர் இரண்டாக மடங்கிக் குந்தியிருந்தார். பட்டுச் சால்வை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தது. புகை நெஞ்சில் ஏறி இருமல் வராமல் இருக்க ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தரையைத் தடவி, சிரிப்பில் அதிர்ந்துகொண்டிருந்த சிம்மாசனத்தின் சக்கரத்தடியில் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டிருந்தார்.