மூன்றாவது காரணம்

எங்கள் மாலை வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது: பார்த்ததை ஒரு பக்கம் எழுது, நினைத்ததை எதிர்ப்பக்கம் எழுது, இரண்டையும் கலக்காதே. பகலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் மனநல ஆலோசனைப் பட்டயப் படிப்பு. தினமும் டைரி எழுத வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் தமிழ்மணி சாரின் கட்டளை. மற்றவர்களைப் பற்றி எழுதும்போது இந்த முறை எனக்குச் சரியாக வருகிறது. எங்கள் வீட்டைப் பற்றி எழுதினால் பக்கங்கள் கலந்துவிடுகின்றன. இப்போதும் கலந்திருக்கலாம்.

என் அண்ணன் எழிலனுக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியின் இரண்டாம் வருடத்தில் வந்தது. யாரும் இல்லாத இடத்திலிருந்து குரல்கள் கேட்டன. அவற்றுக்கு அவன் பதில் சொன்னான். மாத்திரை சரியாக அமைவதற்கே வருடங்கள் ஆயின. போன வருடம்தான் கொஞ்சம் தேறி, முதுநகரில் எங்கள் தெருமுனையிலுள்ள சார்லஸ் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

அப்போதுதான் சிதம்பரத்தில் அவனுக்கு மருந்து தரும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த நோய் ஏன் வருகிறது, பிறப்பில் எவ்வளவு, வாழ்க்கையில் எவ்வளவு என்று ஓர் ஆராய்ச்சி. உடன்பிறந்தவர்கள் ஜோடியாக வேண்டுமாம். ஒருவருக்கு நோய் இருக்க வேண்டும், மற்றவருக்கு இருக்கக் கூடாது. அண்ணனும் நானும் ரத்தம் கொடுக்க வேண்டும். அம்மா கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூவரும் பஸ்ஸில் போனோம். அண்ணனுக்கு எப்போதும் ஜன்னல் சீட்டு. எங்கள் அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்த இடம் வந்ததும் அண்ணன் எழுந்து எட்டிப் பார்த்தான்.

"தோ பாரு, அப்பா சைக்கிள்! ஷெட்டுக்குள்ள விடாம வெயில்லயே நிறுத்தியிருக்குது பாரு."

அந்தத் தூரத்தில் எனக்கு எந்தச் சைக்கிளும் தெரியவில்லை. அவனுக்கு ஒவ்வொரு முறையும் தெரியும்.

டாக்டர் ஸ்ரீமதி எல்லாக் கேள்விகளையும் அவரே கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?

"எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சுங்க," என்றாள் அம்மா. "ராஜமாணிக்கம்னு பேரு. திருவதிகை கோயிலாண்டயே சுத்திக்கினு இருப்பாரு. அங்கயே போயிட்டாரு."

சின்ன வயதில் வீட்டைப் பிரிந்து இருந்தானா?

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அழுதது. "பரீச்ச முடியாம இந்த வாசப்படிய மிதிச்சேன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொன்னேங்க. அவன் வரல."

டாக்டர் அதைத் தலை குனிந்தபடி எழுதிக்கொண்டார். அண்ணனிடம் திரும்பி, பீடி, சிகரெட், கஞ்சா பழக்கம் இருந்ததா என்று கேட்டார்.

"எங்கப்பா வாசல்ல பீடி பத்த வச்சாலே எனக்கு உள்ள இருமல் வந்துடும் மேடம்."

"ஊதுவத்திக்கே தும்முவாங்க இவன்," என்றாள் அம்மா. "சாமி கும்பிடுறப்ப இவன வெளிய நிறுத்திடுவேன்."

டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

ரத்தம் எடுத்து முடித்ததும் டாக்டர் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இது ஆராய்ச்சிக்கு எடுக்கிற ரத்தம். நெறைய குடும்பங்கள ஒண்ணா சேத்து வச்சுப் பாத்தாதான் எதாவது தெரியும். உங்க பையனுக்கு எதனால வந்துச்சுன்னு தனியா ரிசல்ட் வராது. புரியுதுங்களா?"

"புரியுதுங்க மேடம்."

கதவருகே வந்ததும் அம்மா திரும்பினாள். "எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

"எதைம்மா?"

"ரிப்போர்ட்ட."

தன் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை அவள் அன்று கையோடு கொண்டுவந்திருந்தாள். ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ஒரு சீட்டு வரும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு அனுபவம் கிடையாது. பஸ்ஸில் நான் மறுபடி விளக்கினேன். தலையாட்டினாள். மறுவாரம், "டாக்டரம்மா போன் பண்ணாங்களா?" என்றாள். அதற்கு அடுத்த வாரமும் கேட்டாள்.

அத்தை வராமல் இருந்திருந்தால் இது அப்படியே அடங்கியிருக்குமோ என்று நினைக்கிறேன். இது எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது. ராமாமிர்தம் அத்தை அப்பாவின் அக்கா. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏன் லோகநாயகி, ரத்தத்த எல்லாம் எடுத்துட்டாங்களாமே? எதுக்கு வீண் செலவு? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே, எங்கிருந்து வந்துச்சுன்னு."

"விடுங்க அண்ணி."

"எங்க பக்கத்துல யாருக்கு இருக்குது இது? எந்தம்பி வாயில்லாப் பூச்சி, ஒத்துக்கிறேன். பைத்தியம் இல்லப்பா. உங்க சித்தப்பா கோயில்ல சோத்துக்குக் கையேந்தினத இந்த ஜில்லாவே பாத்துச்சு."

அம்மா காபி போட எழுந்து போனாள். அத்தை ஊருக்குப் போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. எப்போது விழித்தாலும் அவள் பாய் காலியாக இருந்தது. சர்க்கரை ஏறியது. கடைத்தெருவில் ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

நான் வகுப்பு முடிந்து வந்த ஒரு நாள், அப்பாவும் அண்ணனும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இளா, நீதான் இதையே படிக்கிற. நீ சொல்லு. ரத்தத்துல வந்திருந்தா அது என் பக்கத்து ரத்தம். வளப்புல வந்திருந்தா வளத்தவ நான். ரெண்டுல எது வந்தாலும் நான்தான? மூணாவதா எதாச்சும் இருக்குதான்னு அந்த டாக்டரம்மாவக் கேட்டுச் சொல்லேன்."

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "ஒரே காரணம்னு எதுவும் இல்லம்மா. பல விஷயம் ஒண்ணா சேந்துதான்…"

"அந்தப் பலதுலயும் நான் இருக்கனில்ல?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். நன்றாகப் படித்தவர்களுக்கு அது வந்திருக்கும். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்தான் பேசினான். "இருக்குதும்மா மூணாவது."

"என்னாது?"

"அந்த மேடம் கேட்டாங்கல்ல, கஞ்சா. அவுங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு. காலேஜ்ல அடிச்சேன்."

நான் அவனையே பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, பரீட்சையில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "ஒரு பையன் குடுத்தான். நெறைய நாளு அடிச்சேன். அதனாலதான் வந்துச்சு. உங்களால இல்ல."

"எப்பிடிடா இருக்கும் அது?" என்றாள் அம்மா.

அவன் யோசித்தான். "கசக்கும்."

புகை எப்படிக் கசக்கும் என்று அம்மா கேட்கவில்லை. அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் அண்ணனோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் பால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோல் தூங்கினாள். நான்தான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசற்படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் அண்ணா பொய் சொன்ன?"

"மெதுவா பேசு," என்றான். "அம்மா தூங்குது."

அவன் கணக்கில் இல்லாத ஒன்று உண்டு. இதுவரை அம்மா அவனைத் திட்டியதே இல்லை. திட்டினால் தன் குற்றம் கூடிவிடும் என்று பயந்திருக்கிறாள். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. இத்தனை வருட ஆத்திரமும் வெளியே வந்தது.

"கஞ்சா குடிக்கத்தான் வளையல வித்துக் காலேஜுக்கு அனுப்புனனா? என் வயித்துல வந்து பொறந்தியே!" இது சோறு போடும்போது. "தொரைக்குத் தலை சுத்துதாம். அன்னிக்கு இழுக்குறப்ப சுத்தலியா?" இது மாத்திரை கொடுக்கும்போது. அவளே அத்தைக்குப் போன் செய்து சொன்னாள். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். "எங்க சித்தப்பாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல அண்ணி. இவன் பண்ண வேல."

"நான் அப்பவே நெனச்சேன், கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும்," என்றாள் அத்தை.

அத்தைக்குத் தெரிந்தது தெருவுக்கும் தெரிந்தது. டீக்கடையில் பையன்கள், "மச்சான், சரக்கு எங்க கெடைக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு ஒரு நாள் சார்லஸ் அண்ணன் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தப்பா நெனைக்காத தம்பி. உன்னப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடப் புள்ளைங்க வர்ற கடை. அவுங்கம்மா அப்பா கேக்குறாங்க."

"பரவால்லண்ணா," என்றான் அண்ணன். "அந்தப் பெரிய மிஷின்ல பேப்பர் மாட்டிக்கும். மெதுவா இழுங்க. புதுசா வர்ற ஆளுக்கும் சொல்லிடுங்க."

அந்த வாரம்தான் வகுப்பில் தமிழ்மணி சார் அந்தப் பாடத்தை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களைப் பல ஊர்களில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். திட்டும் குறைகூறலும் ஜாஸ்தியாக உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு, மாத்திரை சாப்பிட்டாலும், நோய் சீக்கிரம் திரும்புகிறது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுதினேன். வரி முடிந்ததும் அது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று விளங்கவில்லை. எங்கோ பார்த்தது எங்கள் வீட்டுக்குப் பொருந்துமா? நான் பாதி படித்தவள். சாரிடம் கேட்கலாம் என்று நின்றேன். என் வீட்டுக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். வீட்டில் இப்படியே திட்டிக்கொண்டிருந்தால் உனக்குத் திரும்பவும் வந்துவிடும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"வந்தா மாத்திரைய ஏத்திக் குடுப்பாங்க," என்றான். "அம்மாவுக்கு என்னா மாத்திரை குடுப்பாங்க, சொல்லு."

பிறகு அவன் டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆரம்பித்தான். அதில் தன் பெயர் வருகிறதாம். அப்புறம் டிவியையே துணி போட்டு மூடினான். ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமாங்க. நான்தாங்க. சரிங்க."

இனி பொறுக்க முடியாது என்று நேரே அடுப்படிக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் கஞ்சா குடிச்சதே இல்ல."

கத்தி நின்றது.

"நீ தூங்கணும்னு பொய் சொன்னான். உனக்கே தெரியும்ல, ஊதுவத்திப் புகைகூட அவனுக்கு ஆகாது. நீ திட்டுறது அவனத் திரும்ப ஆஸ்பத்திரில கொண்டு போய் விட்டுடும்மா. தோ, வந்துடுச்சு. போய்ப் பாரு."

நான் எதிர்பார்த்தது அவள் அழுவாள், அவனிடம் ஓடுவாள் என்று. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப நான்தானா?" என்றாள்.

"இல்லம்மா…"

"மூணாவது இல்லன்னா அப்ப நான்தானடி?"

இல்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் காரணம் இல்லை என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை. அதை நிரூபித்துக் காட்ட என்னிடம் ஒரு சீட்டும் இல்லை.

அப்போது உள்ளேயிருந்து அண்ணன் சத்தமாகச் சொன்னான். சுவருடன் பேசிக்கொண்டிருந்தவன், அதை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அவ பொய் சொல்றாம்மா. நான்தான் குடிச்சேன். உங்களால இல்ல."

அம்மா உள்ளறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அவள் ஒருவரைத் தேர்ந்துகொண்டதை நான் பார்த்தேன். இது நினைத்ததல்ல, பார்த்தது.

"என்னைக் கொல்றதுக்காடி படிக்கிற?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை எடுத்தாள்.

மறுநாள் காலையில் அண்ணனைச் சேர்ப்பதற்காகச் சிதம்பரம் புறப்பட்டோம். அவன் துணிப்பையை நான் மடியில் வைத்திருந்தேன். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு. ஜன்னலோரம் நான், நடுவில் அண்ணன், ஓரத்தில் அம்மா. ஜன்னல் சீட்டு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. முதுநகர் தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். தலை அவன் தோளில் சாய்ந்தது.

செம்மங்குப்பம் வந்தது. அப்பாவின் கம்பெனி கடந்து போயிற்று. சைக்கிள் தெரிகிறதா என்று நான்தான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் திரும்பவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஷட்டரை இறக்கு இளா," என்று கிசுகிசுத்தான். "அம்மா மூஞ்சில வெயில் அடிக்குது பாரு."

இறக்கினேன். அவன் கண்கள் முன்சீட்டின் கம்பியில் நின்றிருந்தன. உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. அம்மா எழுந்துவிடக் கூடாது என்று அவன் அந்தக் குரல்களிடமும் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தான்.