முதல்ல நீ கீழ நில்லு

ஜமுனா இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இடது கையால் ஏரிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தேடியும் பறியில் பத்து இறால்கூட இல்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவிலிருந்த மூன்றையும் கொண்டுபோனது தனசேகரின் ட்ரோன்.

போன சம்பாப் பருவத்தில் நடந்தது. ஏரியை ஒட்டிய வயல்களுக்கு வாடகைக்கு மருந்தடித்த அந்த ட்ரோன், கரையைத் தாண்டித் திரும்பும்போது ஒரு விசிறி பிய்ந்து அவள் மேல் விழுந்தது. "பருந்து மோதிடுச்சு. நான் இன்னா பண்றது?" என்று கையை விரித்தான் தனசேகர். விரிக்க அவனுக்குப் பத்து விரல்களும் இருந்தனவே!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பறியைக் கவிழ்த்தபோது, காய்ந்துபோன இறால்களோடு ஓர் அலுமினியத் துண்டும் விழுந்தது. விசிறியைத் தாங்கிய பிடி அது. படகு எஞ்சின் பழுது பார்க்கும் கோட்டைக்குப்பத்து மாசிலாமணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"உடைஞ்ச எடத்தப் பாரு. பாதி அழுக்கேறி கறுப்பா கீது, அது பழைய விரிசல். பளபளன்னு கீற பாதிதான் அன்னிக்கு உடைஞ்சது. அதிர்ந்து அதிர்ந்து இரும்பே சலிச்சிப்பூடும், இது இன்னா தாங்கும்? மேல பசை வேற பூசிக்கீறான். தெரிஞ்சேதான் பறக்கவுட்டுக்கீறான்."

அன்றிலிருந்து அந்தத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று வயிறெரியக் காத்திருந்தாள்.

இன்று கரையில் ஆள்சத்தம் கேட்டது. நவரைப் பருவ நெற்பயிருக்கு மருந்தடிக்க அதே தனசேகர்தான் வந்திருந்தான். ட்ரோன் வரப்பில் நின்றது. அதை ஓட்டும் பூபதி ரிமோட்டோடு தயாராக நின்றான். வயல்காரர் கேசவன் பக்கத்தில் இருந்தார். வயலுக்குள் ஆறு பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜமுனா ஈரம் சொட்டச் சொட்ட மேலே ஏறினாள்.

"ஏய், அதுல கை வைக்காத!" என்று தனசேகர் கத்துவதற்குள் அவள் இடது கை பிடிகளைத் தடவிவிட்டது. கலங்கல் தண்ணீரில் இறாலையும் கல்லையும் தொட்டே பிரிக்கிற விரல்கள் அவை. மூன்றாவது பிடியில் டேப் சுற்றியிருந்தது. அதன் ஓரத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று நகத்தில் தட்டியது.

'பறக்கட்டும், உன் மண்டையிலேயே விழட்டும்' என்று நினைத்தாள். நினைக்கவே இனித்தது. அப்புறம்தான் களை பறிக்கும் பெண்கள் கண்ணில் பட்டார்கள். விழுந்தால் அவன் தலையிலா விழும்? பாவி, அவன் தள்ளி நின்று வேடிக்கைதானே பார்ப்பான்!

"யோவ் தனசேகரு, இது நல்லாத்தான கீது?"

"அதெல்லாம் சூப்பரா கீது. நீ கெளம்பு."

"அப்ப முதல்ல நீ கீழ நில்லு. உன் தலைக்கு மேல ஓட்டச் சொல்லு."

"இன்னா, பைத்தியமா உனக்கு?"

"நிக்க பயமா கீதா? நான் நின்னேனேய்யா! மூணு விரலக் குடுத்தேனே!" முடிச்சை அவிழ்த்துத் துண்டை அவன் காலடியில் வீசினாள். "கேசவண்ணே, உடைஞ்ச எடத்துல பாதி கறுப்பு பாருங்க. விழறதுக்கு முன்னாடியே விரிஞ்சி கெடந்தது. இப்ப அந்த டேப்ப உரிங்க, அதே விரிசல்தான்."

கேசவன் உரித்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"நில்லுய்யா கீழ!" என்று அவரும் தனசேகரைப் பார்த்துக் கத்தினார்.

தனசேகர் நிற்கவில்லை. இரண்டடி பின்னால் போனான்.

பூபதி ரிமோட்டைத் தரையில் வைத்தான். "பிடிய மாத்தணும்னு அப்பவே சொன்னேன் சார். நீங்க பருந்துன்னு சொன்னப்போ நானும் வாய மூடிக்கினேன். பொழப்புக்குப் பயந்துட்டேன். இனிமே முடியாது. போலீஸ்ல நானே சொல்றேன்."

கேசவன் போனை எடுத்தார். தனசேகர் ஜமுனாவைப் பார்த்துக் கும்பிட்டான். "தப்புதாம்மா. மன்னிச்சிடும்மா."

"மன்னிக்க மாட்டேன்." ஜமுனா தன் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லா பாத்துக்கோ. உன் தலைக்கு மேல பறக்கவுட பயப்படறத, அடுத்தவங்க தலைக்கு மேல பறக்கவுடாத!"