கையெழுத்து விழாத சாவு

பொய் சொல்லும்போது அவன் காதைச் சொறிவான். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்ட ரகசியம் அது.

"பழைய மாதா கோயில் பதிவேட்டுல ஒண்ணும் கிடைக்கல" என்றான். கை காதுக்குப் போயிற்று.

"போனைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா கொடுங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்ட்டுக்குள் அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்திப் பழகியவன். அவளோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இறப்பு க்ளெய்ம்களைத் துருவுகிறவள். அவளிடம் அந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது. போன் கை மாறியது.

அவளுக்கு ஏழாவது மாதம். பெண் என்று ஸ்கேன் சென்டர் நர்ஸ் சட்டத்தை மீறிக் கிசுகிசுத்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"இந்தக் குடும்பத்துல தலைச்சன் பொண்ணு தங்காதும்மா. எனக்கு மூத்தவ தங்கல. உன் மாமனாரோட அக்கா தங்கல. அதுக்கு முந்தின தலைமுறையிலயும் அப்படித்தானாம்."

அன்றிலிருந்து அவள் குழந்தைக்கென்று ஒரு துணி வாங்கவில்லை. ஆபீஸ் தோழிகள் கொடுத்த பார்சல் பிரிக்கப்படாமல் பீரோ மேல் கிடந்தது. பெயர்ப் பேச்சை எடுத்தாலே, "பிறக்கட்டும், பார்க்கலாம்."

முதல் இரண்டும் நடந்தவை. மூன்றாவது வெறும் "தானாம்". அதை உடைத்தால் இவள் பயமும் உடையும் என்று கணக்குப் போட்டுத்தான் கொள்ளுத்தாத்தாவின் ஊருக்கு அவன் பஸ் ஏறியது.

போனில் இரண்டு படங்கள். முதலாவது ஞானஸ்நானப் பதிவேடு. கொள்ளுத்தாத்தாவின் முதல் மகள். இரண்டாவது அடக்கப் பதிவேடு. அதே தேதி. அதே குழந்தை.

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் அவள் காலடியில் குந்தினான்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"பேசாதீங்க."

அப்புறம் அவள் விரல்கள் தாமாகவே படத்தைப் பெரிதாக்கின. ஆபீஸ் பழக்கம்.

"இந்தக் கடைசிக் கட்டம் என்ன?"

"குழி வெட்டிப் புதைச்சவர் கையெழுத்து."

"எல்லா வரியிலயும் இருக்கு. இவளுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"மறந்திருப்பாரு."

"மறந்திருப்பாருன்னு எழுதினா எங்க மேனேஜர் என்னைத் தூக்கிடுவாரு. கையெழுத்து இல்லாத சாவை நான் பாஸ் பண்றதில்ல. நாளைக்கு நானும் வரேன்."

"இந்த வயித்தோட பஸ்லயா? அம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

"அத்தைகிட்ட செக்கப்னு சொல்லுங்க. கையைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு."

கோயில் அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. அவள் காட்டிய வரியைப் பார்க்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்.

"அப்போ இங்க சாமியார் நிரந்தரமா இல்லம்மா. மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. பொழைக்காதுன்னு கைவிட்ட உயிருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஜெபம் சொல்லி, அடக்கத்தையும் எழுதி வெச்சிட்டுக் கிளம்பிடுவாரு. புதைச்சதும் குழி வெட்டுறவர் கையெழுத்துப் போடணும்."

"உயிரோட இருக்கும்போதேவா?"

"அடுத்த ஊர்ல கல்யாணம் காத்திட்டிருக்குமே. அவரும் என்னதான் பண்ணுவாரு?"

"அப்போ கையெழுத்து இல்லன்னா?"

"இங்க புதைக்கல. வேற எங்கயாவது கொண்டுபோயிருக்கலாம். இல்லன்னா பொழைச்சிருக்கலாம்."

"'லாம்' எனக்குப் பத்தாதுங்க."

கண்ணாடிக்காரர் சிரித்தார். "அப்போ அப்பன்காரர் உயில் எழுதினாரான்னு பாருங்க. பெத்தவன் பொண்ணை மறக்க மாட்டான். ரெண்டு தெரு தள்ளி பத்திர ஆபீஸ்."

பத்திர ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மின்விசிறி சத்தம் போட்டதே தவிர காற்றைக் காணோம். குழந்தை உள்ளே உதைத்தது. அவள் வயிற்றில் கை வைக்க வந்து, வைக்காமல் எடுத்துக்கொண்டாள். அவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

சாயங்காலம் நகல் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் உயில். அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க. காதைத் தொடாம படிங்க."

அவன் படித்தான்.

"'பிறந்த அன்றே அடக்கப் புத்தகத்தில் ஏற்றப்பட்டும், ஆண்டவர் கிருபையால் இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கிற என் மூத்த குமாரத்திக்கு என் தையல் மெஷினையும், அவள் என்னோடு சண்டை போட்டுக் கேட்ட மேற்கு அறையையும் எழுதி வைக்கிறேன்.'"

அவன் இரண்டு கைகளும் காகிதத்திலேயே இருந்தன.

"மூணு பிள்ளை பெத்து, அப்பன்கிட்ட சண்டையும் போட்டிருக்கா கழுதை!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது. அந்த வாரங்களில் முதல் தடவையாக உள்ளங்கை முழுவதையும் வயிற்றின் மேல் வைத்தாள்.

வீட்டு வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரிடா ராத்திரி வரைக்கும் செக்கப் பண்ணுது?"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். உயிலை இரண்டு தடவை படித்தும் காட்டினான். அம்மா சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ குடும்பத்துச் சாபம்னு ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

"அப்படின்னா என் பொண்ணு என்னாலதான் போனா." குரல் எங்கிருந்தோ வந்தது. "காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. மடியில போட்டுக்கிட்டே கண்ணசந்துட்டேன்டா. முழிச்சுப் பார்த்தா சில்லுன்னு கிடந்தா."

அவன் இதைக் கேட்டதே இல்லை. இத்தனை வருடமும் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்த சாபத்தை, வெற்றி வீரன்போலக் கொண்டுவந்து உடைத்திருக்கிறான்.

மனைவிதான் அசைந்தாள். ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை இடுப்பிலும் ஊன்றி, மெல்ல மாமியார் பக்கத்தில் இறங்கினாள்.

"அத்தை, நான் தினமும் படிக்கிறது சாவுக் காகிதம்தான். காய்ச்சல்ல போன குழந்தைங்க எத்தனையோ. அம்மா தூங்கினதால செத்துதுன்னு ஒரு டாக்டரும் எழுதினதில்ல."

மாமியார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து ஒரு பெயரைச் சொன்னாள். மகன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

"அழகா இருக்கு அத்தை. இவளுக்கும் அதையே வைக்கட்டுமா?"

"வேணாம்டி. அது அவளோடது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவளுக்குப் புதுசாப் பாரு. நல்லா, வாய் நிறையக் கூப்பிடுற மாதிரி. முதல்ல தரையிலேருந்து எழுந்திரு. தூக்க உன் புருஷனோட லிஃப்ட்டா வரும்?"

"நீங்க எழுந்திருங்க, அப்புறம் நான்."

இருவராலும் முடியவில்லை. அவன் கை கொடுக்க ஓடி வந்தான்.

"எங்களை அப்புறம் தூக்கலாம்" என்றாள் அவள். "பீரோ மேல ஒரு பார்சல் இருக்கு பாருங்க. அதை எடுத்துட்டு வாங்க."