ஒலியை நிறுத்திப் பார்த்த வீடியோ

அமெரிக்காவில் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில், ஜோடியாக ஆடும் எங்கள் ஸ்விங் நடனக் கழகத்தின் நூலகம் என்பது, வெர்ன் ஹாகன் வீட்டு முன்னறையில் நிற்கும் ஓர் அலமாரிதான். நடனம் பழகுவதற்கான வீடியோக்களை உறுப்பினர்கள் அதிலிருந்து எடுத்துச் செல்வார்கள். முன்பெல்லாம் யார் எதைக் கொடுத்தாலும் அலமாரிக்குள் போய்விடும். மார்லா விழுந்த பிறகுதான், தேர்வுக் குழுவினர் அனைவரும் பார்த்து ஒப்புக்கொள்ளாத எதையும் வைப்பதில்லை என்று விதி செய்தோம். வெர்ன், மார்லா, அவருடைய கணவர் ரஸ்ஸல், நான் ஆகியோரே அந்தக் குழு.

மார்லா விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஸ்ஸலும் அவரும் நூலக வீடியோ ஒன்றைப் பார்த்து, பெண்ணை ஆண் தூக்கிச் சுழற்றும் ஓர் ஆட்டத்தை வீட்டில் பழகினார்கள். அதில் ஆண் ஆசிரியர் நம்மைப் பார்த்து நிற்கிறார். பெண் ஆசிரியர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். ரஸ்ஸல் கண்ணாடியில் பார்ப்பது போல ஆணைப் பின்பற்றினார். மார்லா பெண்ணை உள்ளபடியே பின்பற்றினார். மார்லா வந்த பக்கத்தில் ரஸ்ஸலின் கை இல்லை. மார்லாவுக்கு இடுப்புக்குக் கீழே இப்போது உணர்ச்சியில்லை.

அந்த வீடியோ எச்சரிக்கவே இல்லை என்று ரஸ்ஸல் அன்று முதல் சொல்லி வந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார் என்றால் மிகையாகாது என்று எண்ணுகிறேன். நாங்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மதியம் குழு கூடியது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் உணவுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஒரு வீடியோவைப் பார்த்தோம்.

“இந்த ஆளு கால் வைக்கிறதப் பாருங்க. ஐஸ் மேல நடக்குற வாத்து மாதிரி,” என்றார் மார்லா.

“வாத்தா இருந்தாலும் தாளம் தப்பலையே,” என்றார் வெர்ன்.

“உனக்குந்தான் தப்பாது. என்ன பிரயோஜனம்? கூட ஆட ஒருத்தியும் வர மாட்டேங்கிறா.”

ரஸ்ஸலும் சிரித்தார். பிறகு வெர்ன் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒதுக்கி வைத்திருந்த, மார்லா பார்த்துப் பழகி விழுந்த அந்தப் பழைய வீடியோவை எடுத்தார்.

“இது ஒண்ணு பாக்கி.”

“தூக்கிக் குப்பையில போடு. இத்தன நாள் வெச்சிருந்ததே தப்பு,” என்றார் ரஸ்ஸல்.

“போடலாம்ப்பா. பாக்காம எப்படிப் போடறது? விதி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவன் நீதான?”

“பாக்க வேணாம்,” என்றார் மார்லா. “விழுந்தவ சொல்றேன். போட்டுடுங்க.”

“நீ சும்மா இரு, மார்லா. எல்லாரும் ஒரு தடவ பாக்கட்டும். அப்பதான் நான் சொல்றது புரியும்,” என்றார் ரஸ்ஸல்.

அவர் எழுந்து, தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்தப் போனார். அது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பயிற்சி வீடியோக்களில் வரும் மட்டமான இசைக்கு ஆடுவது எங்களுக்கு இழுக்கு. ஒலியை நிறுத்திவிட்டு, பிடித்த இசைத்தட்டைச் சுழலவிட்டுத்தான் பழகுவோம்.

“நூலகத்துக்குன்னா சத்தத்தோடதான் பாக்கணும், ரஸ்,” என்றார் வெர்ன்.

படம் ஓடியது. ஆசிரியர் ஆடிக்கொண்டே, சிரித்த முகத்தோடு பேசினார்.

“ஆண்களே, கவனிங்க. நான் உங்களப் பாத்து நிக்கிறேன். கண்ணாடி மாதிரி செய்யாதீங்க. இது என்னோட வலது கை. நீங்களும் வலது கையத்தான் குடுக்கணும். மாத்திக் குடுத்தா அவங்க விழுந்துடுவாங்க.”

ரஸ்ஸல் அந்த இடத்தை மீண்டும் ஓடவிட்டார். பிறகு இன்னொரு முறை.

“அன்னிக்கு நான்தான் சத்தத்த நிறுத்தினேன்,” என்றார். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

மார்லா தட்டைப் பார்த்தபடி இருந்தார். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம் போட்டுப் பாத்தேன். நீ வேலைக்குப் போயிருந்த.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா? எந்திரிச்சு நடந்துடுவேனா?”

வெர்ன் தயங்கித் தயங்கி, “இத இன்னொரு நாள் வெச்சுக்கலாமே,” என்றார்.

“எதுக்கு? அலமாரியில வை. நல்ல வீடியோ. தெளிவாத்தான் சொல்றான்,” என்றார் ரஸ்ஸல்.

“நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார் மார்லா.

ஒருவர் மறுத்தாலும் வைக்க முடியாது. வெர்ன் அதை உறையிலிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் சக்கர நாற்காலியைக் கார் வரைக்கும் தள்ளிச் சென்று, கதவைத் திறந்தார். பிறகு கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு விலகி நின்றார்.

“வெர்ன், நீ தூக்கி உக்கார வை.”

“ஏன், தினமும் என்னத் தூக்குறது தபால்காரனா?” என்றார் மார்லா.

“என்னால முடியாது.”

“ரஸ், இங்க பாரு. நீதான் தூக்கணும்.”

ரஸ்ஸல் பார்க்கவில்லை. உறைந்து கிடந்த ஏரியின் பக்கம் திரும்பி நின்றார். வெர்ன் அருகில் வந்தபோது மார்லா சக்கரங்களை இறுகப் பற்றிக்கொண்டார். அவருடைய தலைமுடியிலும் மடியிலும் பனி படிந்தது. நாங்கள் காத்திருந்தோம். குளிரில் உதடுகள் நடுங்கத் தொடங்கிய பிறகு, மார்லா சக்கரங்களை விட்டுவிட்டு வெர்னை நோக்கிக் கைகளை நீட்டினார்.