மூன்று மறுப்புகள்

"ஒரு கோப்பை தேநீர் ஆறுறதுக்குள்ள எங்கப்பா ஒரு மலையையே தூக்கிக் குடுத்தவர்டீ" என்றாள் இளவரசி நுஸ்ஹத். "வந்தவன் சும்மா 'நல்ல மலை'ன்னான். 'உங்களோடதுதான்'னுட்டார். மறுநாள் சூரியன் எந்தப் பக்கமா ஏறுறதுன்னு தெரியாம முழிச்சுது."

"மலையை எதுல கட்டி எடுத்துட்டுப் போனான், கானும்?" என்றாள் சனோபர். இளவரசியை அவள் 'கானும்', அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவாள். நாற்பது வருடமாக அந்த வீட்டில் வேலை. நாற்பது வருடமாக இதே கேள்வி.

அவர்களுடைய அரச வம்சம் கவிழ்ந்து எட்டு வருடமாகிவிட்டது. தெஹ்ரானில் மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். இருபது அறைகளில் ஒழுகாதவை இரண்டு. மற்றவற்றில் வாத்து வளர்க்கலாம். ஆனாலும் இளவரசி, அவள் தம்பி, சனோபர் என மூன்று பேருக்கும் தலைக்கு மேல் கூரை அது.

அன்று மாலை புது அரசின் கர்னல் ஒருவர் வந்தார். முதலில் மீசை நுழைந்தது, கால் மணி கழித்துத்தான் ஆள். தேநீர் குடித்தபடி முற்றத்துக் குளத்தையும் மாதுளை மரத்தையும் பார்த்தார்.

"அருமையான வீடு."

இளவரசியின் தம்பி பரிதூன் மீர்ஸா மார்பில் கை வைத்துக் குனிந்தார். "உங்களோடதுதான்."

ஊர் வழக்கம் அதுதான். வீட்டுக்காரர் தருவார், விருந்தாளி மூன்று முறை மறுப்பார், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். சனோபர் முதல் மறுப்புக்காகக் காத்திருந்தாள். கர்னலும் தெஹ்ரானில் பிறந்தவர்தான்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் கர்னல்.

காலையில் வீட்டை எழுதிக் கொடுக்கும் பத்திரம் வந்தது. "சும்மா மரியாதைக்குச் சொன்னேன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள் சனோபர். "வாயால குடுத்ததை எப்படிம்மா திரும்பக் கேக்குறது?" என்றார் பரிதூன் மீர்ஸா. அவர் போட்ட கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

மூன்றாம் நாள் மூவரும் சந்தில் நின்றார்கள். இரண்டு மூட்டை, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் பித்தளை சமோவர் ஒன்று. எங்கே போவதென்று மூவருக்கும் தெரியாது. வண்டிக்காரன் சமோவரைத் தூக்கிப் பார்த்தான்.

"நல்ல சாமான், ஐயா."

பரிதூன் மீர்ஸாவின் கை மார்புக்குப் போனது. உதடு பிரிந்தது. சனோபர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். இளவரசரை அவள் தொட்டது அதுவே முதல் தடவை.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இளவரசி நிமிர்ந்தாள். "இப்பவாவது சொல்லுடீ. அந்த மலை?"

உள்ளங்கைக்குள் அந்த உதடுகள் இன்னும் எதையோ கொடுக்க அசைந்துகொண்டிருந்தன. விரல்களின் மேல் சூடாக ஈரம் இறங்கியது. சனோபர் கையை எடுக்கவில்லை.

"குடுத்திருக்காரு, கானும்" என்றாள். "நடந்ததுதான்."