சபூராவின் சம்மதம்

நிக்காஹ் அன்றைக்கு ஒரு கல்யாணப் பொண்ணுக்கு இம்புட்டுக் கோவம் ஆகுமா? ஆகும். காது கேளாத சபூராவுக்குப் பதிலாக இருபத்தெட்டு வருசமாக அடுத்தவர்கள்தான் தலையாட்டி வந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சட்டை, எல்லாமே அப்படித்தான். இன்றைக்கு ஒரு வார்த்தையாவது தானே சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

சாக்கோட்டை ரோட்டு மண்டபத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் பதிவேட்டோடு பெண்கள் பக்கம் வந்தார். "மாப்பிள்ளையை ஏத்துக்கிறியாம்மா?" தங்கச்சி நிலோபர் அதைக் கையால் சொல்வதற்குள் மாமா காதர் மைதீன் குறுக்கே விழுந்தார்.

"வாய் தொறக்காத பொண்ணு சம்மதிச்ச மாதிரித்தானே ஹஜ்ரத்? எழுதிக்கங்க, பிரியாணி ஆறுது."

நிலோபரின் கை அதையும் சொல்லி முடிக்க, சபூரா எழுந்தே விட்டாள். கைகள் பறந்தன, நிலோபர் குரல் கொடுத்தாள். "அது வெக்கப்பட்டுப் பேசாதவளுக்கு. நான் பேசுறவ. என் மொழியில கேளுங்க."

"சைகையெல்லாம் ஒரு மொழியா?" என்று சிரித்தார் மாமா.

அடியாத்தி, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார் மனுசன்! மொழியியலில் அவள் பட்டம் வாங்கியதே இதற்குத்தான்.

"காது கேளாதோர் பள்ளிக்கூட விடுதியில நாங்க நாப்பது பிள்ளைக. கையை ஆட்டுனா பிரம்படி. வாத்தியார் அங்குட்டுத் திரும்புனதும் பேசுனோம். யாரும் கத்துக்குடுக்கல. பின்னாடி வந்த பொடிசுக அதுக்கு இலக்கணமே உண்டாக்கிருச்சுக. மொழி எங்கிருந்து வந்துச்சுன்னு படிச்சவுக இன்னும் மண்டையை உடைக்கிறாக. ஒரு மொழி பிறந்ததை நான் கண்ணால பாத்துருக்கேன் மாமா."

அவள் ஹஜ்ரத் பக்கம் திரும்பினாள்.

"ஆதமுக்கு எல்லாத்தோட பேரையும் கத்துக்குடுத்தவன் அல்லாஹ். மொழிக வேற வேறயா இருக்கிறது அவனோட அத்தாட்சின்னு நீங்கதான் வெள்ளிக்கிழமை பயான்ல சொன்னீக. மூணு நாள் பேசாம இருந்தப்ப ஜக்கரிய்யா நபி ஜனங்களுக்குச் சைகையிலதானே சொன்னாக? அதைச் செல்லாதும்பீகளா?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பானார்.

"அதெப்படிம்மா சொல்லுவேன்! கேளு நிலோபர், அவ மொழியிலயே கேளு."

நிலோபரின் கைகள் கேட்டன. சபூராவின் பதிலில் ஒரு சொல் தப்பவில்லை.

"ஏத்துக்கிறேன். ஆனா காது கேக்காத எங்க பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறதை நிறுத்த மாட்டேன். அதையும் எழுதுங்க."

"இதென்ன புதுசா!" என்று மாமா எகிறினார். அதற்குள் ஆண்கள் பக்கத்தை மறைத்த திரைக்கு மேலே ரெண்டு கை எழுந்தன. அவளுக்காகவே கைமொழி படித்த மாப்பிள்ளை அங்குட்டு நாற்காலி மேல் ஏறி நின்று, எழுதுங்க எழுதுங்க என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த சபூராவின் விடுதித் தோழிகள் ஆறு பேரும் கைகளை உயர்த்தி விரல்களைப் படபடவென்று அசைத்தார்கள். "அது எங்க ஆளுக கைதட்டுறது ஹஜ்ரத்," என்றாள் நிலோபர்.

மணமகள் தன் மொழியில் சம்மதம் சொன்னார் என்று எழுதி, அடியில் அந்த நிபந்தனையையும் சேர்த்தார் ஹஜ்ரத். பிறகு பேனாவை மூடிவிட்டு, தானும் ரெண்டு கையையும் தூக்கி அசைத்தார். சபூரா சிரித்துக்கொண்டே அழுதாள், பிரியாணி ஆறிப்போனது.